கல் தூண் மாடல்: நார்மல் மேப்பில் உருட்டிய விளிம்பு குழி மாதிரி தெரியுது, என்ன தப்பு?

செங்கோட்டைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். கழுதுருட்டி பதிமூணு கண் பாலத்தை ஒரு கேமுக்காக மாடல் பண்றேன். செங்கோட்டை, புனலூர் பஸ்ல போனா ரோட்டோரமே தெரியும்ல, அந்த ரயில் பாலம். ஒரு தூணை லோ பாலியில (கம்மி முக்கோணம்) வச்சு, விளிம்பை உருட்டின ஹை பாலியிலிருந்து (நிறைய முக்கோணம்) பிளெண்டர்ங்கிற 3டி சாப்ட்வேர்ல நார்மல் மேப் (மேற்பரப்பு எந்தப் பக்கம் சாயுதுன்னு நிறத்துல சொல்ற படம்) பேக் பண்ணேன், அதாவது அந்த விவரத்தைப் படமா மாத்தினேன். பிளெண்டர்ல ஓரளவு நல்லாருக்கு, ஆனா எல்லா மூலையிலயும் மயிரிழை மாதிரி கருப்புக் கோடு. அன்ரியல் கேம் எஞ்சினுக்குக் கொண்டு போனா இன்னும் மோசம், கல்லு விளிம்பு உருண்டு தெரியாம உள்ள அமுங்கின மாதிரி இருக்கு. மூணு நாளா இதே வேலை. டெக்ஸ்சர் 1024தான்.

புளியரை அண்ணாச்சி:
தம்பி, எல்லா விளிம்பும் அமுங்குதா, இல்ல மேல் கீழ் விளிம்பு மட்டுமா? இடது வலதைப் பாத்துச் சொல்லு.

செங்கோட்டைக்காரன்:
இப்பத்தான் கவனிச்சேன் அண்ணாச்சி. இடது வலது சரியா இருக்கு. மேலயும் கீழயும்தான் தலைகீழ்.

புளியரை அண்ணாச்சி:
அப்ப பச்சைச் சேனல்தான், நார்மல் மேப்ல மேல் கீழ் சாய்வை வச்சிருக்கிற நிறம் அது. பிளெண்டர் ஓபன்ஜிஎல் முறையில எழுதும், அன்ரியல் டைரக்ட்எக்ஸ் முறையில படிக்கும், ரெண்டுக்கும் பச்சை நேர் எதிர். திரும்ப பேக் பண்ண வேண்டாம். அன்ரியல்ல அந்த டெக்ஸ்சரைத் திறந்து ‘ஃபிளிப் கிரீன் சேனல்’ டிக் போடு, போதும்.

கருப்புக் கோடு வேற கதை. விளிம்பையெல்லாம் ஷார்ப்னு குறிச்சிருக்க, யூவியை (மாடலோட மேற்பரப்பைத் தட்டையா விரிச்ச வரைபடம்) மட்டும் வெட்டாம ஒரே துண்டா விட்டிருக்கன்னு நினைக்கேன். ஷார்ப் விளிம்புல ரெண்டு பக்கத்துக்கும் நார்மல் (முகம் பாக்கிற திசை) வேற வேற. நடுவுல விழற பிக்சல் யாருக்குன்னு எழுதும்? அதான் கோடு. ஷார்ப் எங்கயோ அங்க யூவி சீம் வெட்டி, துண்டுகளுக்கு இடையில இடமும் விடு. பேக் செட்டிங்ல ‘கேஜ்’ டிக் பண்ணு, அது லோ பாலியைச் சுத்தி உப்பின கூடு, ஹை பாலியைத் தேடுற கதிர் அதிலிருந்து கிளம்பும். அது இல்லேன்னா கதிர் முகத்துக்கு நேரா மட்டும் போகும், மூலையில இருக்கிற உருட்டலைத் தொடவே தொடாது.

ஆமா, எவ்வளவு உருட்டியிருக்க?

செங்கோட்டைக்காரன்:
5 மில்லிமீட்டர். தூண் உயரம் 4 மீட்டர், டெக்ஸ்சரோட முழு உயரத்துக்கும் வருது.

புளியரை அண்ணாச்சி:
கணக்குப் போடு. 1024 பிக்சலை 4 மீட்டருக்குப் பரப்பினா மீட்டருக்கு 256, அதாவது ஒரு பிக்சல் கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர். உன் உருட்டல் ஒரு பிக்சல்ல அடங்கிப் போச்சு, எங்க தெரியும்? 2 சென்டிமீட்டராக்கு, அஞ்சு பிக்சல் கிடைக்கும். 1904ல ரயில் விட்ட தடம் அது, அந்தக் கல்லு இத்தனை மழையில தேய்ஞ்சுதான் கிடக்கு. யாரும் குறை சொல்ல மாட்டாங்க.

தென்மலை தங்கச்சி:
குறுக்கே வர்றேன், மன்னிக்கணும். பாலத்தோட மேல் வரியை வானத்துக்கு எதிர்லதானே பாப்பாங்க? அங்க நார்மல் மேப் ஒண்ணும் செய்யாது. வெளிச்சத்தைத்தான் ஏமாத்தும், உருவத்தோட வெளிக்கோடு கூராவேதான் நிக்கும். அந்த விளிம்புக்கு மட்டும் நிஜ பெவல் (மூலையைச் சீவின விளிம்பு) ஒரு செக்மென்ட் போட்டு, வெயிட்டட் நார்மல் மாடிஃபையர் (பெரிய முகத்தோட திசைக்கு நார்மலைச் சாய்க்கிறது) குடுங்க. ரொம்பச் செலவில்ல. ஷார்ப் விளிம்பு வச்ச கனசதுரமே கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போறப்ப 24 வெர்டெக்ஸ் (மூலைப்புள்ளி), ஒவ்வொரு முகத்துக்கும் தனித்தனியா. பெவல் போட்டு ஸ்மூத் பண்ணினாலும் அதே 24தான், முக்கோணம் மட்டும் 12லிருந்து 44 ஆகும்.

செங்கோட்டைக்காரன்:
பச்சையைத் திருப்பினதும் அமுங்கல் போச்சு! சீம் வெட்டி, கேஜ் போட்டு, 2 சென்டிமீட்டர்ல திரும்ப பேக் பண்ணேன், கோடும் இல்ல. தங்கச்சி சொன்ன மேல் வரி பெவல் இன்னும் போடல. கரண்ட் போயிருச்சு, லேப்டாப்ல 9 சதவீதம்தான் இருக்கு. வந்ததும் படம் போடுறேன்.