புதுப்பிப்பு: சித்தப்பாவின் வாயில் இருந்த வெள்ளைத் திட்டு

பாம்பனில் விசைப்படகுத் தொழிலுக்குப் போகும் என் சித்தப்பாவுக்கு, புகையிலையை அடக்கி வைக்கும் கன்னத்தின் உட்புறம் வலியில்லாத வெள்ளைத் திட்டு இருப்பதாகவும், துடைத்தாலும் போகவில்லை என்றும் முன்பு எழுதியிருந்தேன். பயாப்சி (திட்டிலிருந்து துளி சதையை எடுத்துச் செய்யும் சோதனை) முடிவு வந்துவிட்டது. புற்றுநோய் இல்லை. லூக்கோபிளேக்கியா என்கிறார்கள், செல்களில் லேசான மாற்றம் தெரிகிறதாம். புகையிலையை விட்டால் திட்டு சுருங்கக்கூடும், ஆனாலும் பின்னாளில் புற்றாக மாற வாய்ப்பிருப்பதால் தொடர்ந்து காட்ட வேண்டும் என்றார் மருத்துவர். அந்த இடத்தில் உரசிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல்லின் கூர்முனையையும் தேய்த்துவிட்டார்.

"புகையிலையை மட்டும் விட்டுவிட்டு வெற்றிலை பாக்கு போடட்டுமே" என்று சிலர் சொன்னீர்கள். நல்ல மனதோடு சொன்னதுதான், ஆனால் வேண்டாம். பாக்கே தனியாகப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே வகைப்படுத்திவிட்டது.

கரையில் புகையிலை இல்லாமல் இருப்பது சித்தப்பாவுக்குச் சிரமமில்லை. சிக்கல் கடலில்தான். வலையை இறக்கிவிட்டு இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும்; கூட வருபவர்கள் பொட்டலத்தைப் பிரித்து நீட்டுகிறார்கள். நீட்டிய கையை மறுப்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கிற மனிதர். இப்போது சோம்பும் கிராம்பும் மடியில் கட்டிக்கொண்டு போகிறார். புகையிலைப் பழக்கத்தைக் கைவிட உதவும் 1800 11 2356 என்ற இலவச எண்ணுக்குச் சித்திதான் பேசினார், சித்தப்பாவுக்கு வெட்கம். நிகோட்டின் சூயிங்கம் ஒத்துவருமா என்று அடுத்த முறை மருத்துவரிடம் கேட்கவிருக்கிறோம்.