மாடித்தோட்டத் தளம் கூகுளில் மெல்ல மெல்ல இறங்குகிறது: எங்கே கை வைப்பது?

விதைப்பெட்டி:
வணக்கம் நண்பர்களே. தமிழில் மாடித்தோட்டம் பற்றிய தளம். வேர்ட்பிரஸ், 380 கட்டுரைகள், ஆறு வருடம் ஆகிறது. கூகுள் தேடலில் தளம் எப்படி வருகிறது என்று காட்டும் சர்ச் கன்சோலில் செப்டம்பர்–நவம்பர் மாதங்களை ஜூன்–ஆகஸ்டோடு ஒப்பிட்டால் கிளிக் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. ஒரேயடியாக விழவில்லை, வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். கூகுள் ஆட்கள் நேரடியாக விதிக்கும் தண்டனையான மேனுவல் ஆக்‌ஷன் இல்லை. எல்லாக் கட்டுரைகளின் தேதியையும் மாற்றிவிட்டு, நீளமான யூஆர்எல்களை (பக்க முகவரிகளை)ச் சுருக்கி, புது தீம் போடலாம் என்று இருக்கிறேன். சரியா?

வரப்பு:
மூன்றையும் நிறுத்தி வையுங்கள். ஒப்பீடே சரியில்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆடிப்பட்டம். விதைப்பு பற்றிய தேடல் அப்போது ஏறும், மழை பிடித்ததும் இறங்கும். சென்ற ஆண்டின் இதே மூன்று மாதத்தோடு ஒப்பிட்டால்தான் உண்மையான சரிவு எவ்வளவு என்று தெரியும். கன்சோல் 16 மாதத் தரவைத்தான் வைத்திருக்கும், அதற்கு முந்தையது போய்விடும். அதனால் மாதம் ஒருமுறை எக்ஸ்போர்ட் எடுத்துச் சேமியுங்கள்.

பிறகு தமிழ் எழுத்தில் வரும் தேடலையும் ஆங்கில எழுத்தில் தட்டச்சும் தமிழ்த் தேடலையும் பிரியுங்கள். கன்சோலின் குவெரி (தேடிய சொற்கள்) ஃபில்டரில், எழுத்து வடிவத்தை வைத்துப் பிரிக்கும் ரீஜெக்ஸைத் தேர்ந்தெடுத்து [அ-ஹ] என்று கொடுத்தால் தமிழ் எழுத்துள்ளவை மட்டும் நிற்கும். ‘பொருந்தாதவை’ என்று மாற்றினால் மற்றவை. இரண்டும் ஒன்றாக விழுவதில்லை. எது விழுந்தது என்று தெரிந்தாலே வேலை பாதியாகும்.

அடுத்து, அதிகம் இழந்த பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து அதன் குவெரிகளைப் பாருங்கள். தேடல் முடிவில் உங்கள் இடம் மாறாமல் இம்ப்ரெஷன் (முடிவில் காட்டப்பட்ட தடவை) மட்டும் குறைந்தால் தேடுகிறவர்கள் குறைந்திருக்கிறார்கள், கட்டுரையில் குற்றமில்லை. இம்ப்ரெஷனும் இடமும் அப்படியே இருந்து கிளிக் மட்டும் குறைந்தால், முடிவுப் பக்கத்தில் உங்களுக்கு மேலே வீடியோவோ கூகுளே எழுதிக் காட்டும் ஏஐ ஓவர்வியூவோ வந்திருக்கலாம். கைபேசியில் தேடிக் கண்ணால் பாருங்கள். இடமே இறங்கியிருந்தால்தான் கட்டுரையில் வேலை. தளம் முழுவதற்கும் சேர்த்துக் காட்டும் சராசரி இடத்தை நம்பாதீர்கள். 80ஆவது இடத்தில் வந்துகொண்டிருந்த தேடல்கள் உதிர்ந்தாலே அந்த எண் ‘முன்னேறும்’.

செர்வர்கூடம்:
யூஆர்எல் பத்தி மட்டும் சொல்றேன். கணினி எழுத்தைச் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில தமிழ் யூனிகோட் குறி ஒவ்வொண்ணும் 3 பைட். முகவரியில அதைச் சதவீதக் குறி போட்டு எழுதினா 9 குறியீடு ஆகும். ஸ்லக்குக்கு (முகவரியில கட்டுரைப் பெயர் வர்ற கடைசிப் பகுதி) வேர்ட்பிரஸ் ஒதுக்குறது 200 குறியீடு. அதாவது 22 யூனிகோட் குறிகள்தான் தேறும்; புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் கணக்கு. ‘மாடித்தோட்டம் கத்தரிக்காய் வளர்ப்பு’ன்னு தலைப்பு வெச்சா ஸ்லக் ‘மாடித்தோட்டம்-கத்தரிக்க’ன்னு அறுந்து நிக்கும். பார்க்க அசிங்கம்தான், ஆனா ரேங்க் இறங்க அது காரணம் இல்லை. பழசைத் தொடாதீங்க. புதுக் கட்டுரைக்கு மட்டும் கையால ரெண்டு சொல்லுல ஸ்லக் வைங்க.

மாத்தியே ஆகணும்னா 301 (நிரந்தரத் திருப்பிவிடல்) போடுங்க, பழைய முகவரியிலிருந்து கடைசி முகவரிக்கு நேரா. குறைஞ்சது ஒரு வருஷம் எடுக்கக் கூடாது. எல்லாத்தையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பி விட்டா கூகுள் அதை சாஃப்ட் 404ன்னு, அதாவது பக்கமே இல்லைன்னு எடுத்துக்கும்.

தீம் மாத்தும்போது அதிகமா நடக்கிற விபத்து: சோதனைத் தளத்துல ‘தேடுபொறிகள் வர வேண்டாம்’னு டிக் பண்ணின ரீடிங் செட்டிங் அப்படியே நேரடித் தளத்துக்கு வந்துடும். எல்லாப் பக்கத்துலயும் ‘தேடலில் காட்டாதே’ங்கிற நோஇன்டெக்ஸ் குறி ஏறிடும். மாத்தின அன்னைக்கே நாலு பக்கத்தை கன்சோல் யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷன்ல போட்டுப் பாருங்க. இன்னொண்ணு, தமிழ் எழுத்துரு தாமதமா இறங்கினா வரிகள் குதிக்கும், அந்தக் குதிப்பை அளக்கிற சிஎல்எஸ் நல்ல அளவான 0.1ஐத் தாண்டும். இந்த அளவுக்கு கன்சோல் காட்டுறது 28 நாள் தரவு, அதனால இன்னைக்குச் சரி பண்ணினது நாளைக்கே தெரியாது.

வரப்பு:
தேதி விஷயம் விட்டுப்போயிற்று. உள்ளே ஒரு வரிகூட மாறாமல் தேதியை மட்டும் மாற்றினால் பலன் கிடையாது, கெடுதல் உண்டு. சைட்மேப்பில் (தளத்தின் பக்கப் பட்டியலில்) உள்ள லாஸ்ட்மாட் என்ற ‘கடைசியாக மாற்றிய தேதி’ தொடர்ந்து உண்மையாக இருந்தால்தான் கூகுள் அதைப் பயன்படுத்துகிறது. 380 பக்கமும் ஒரே நாளில் ‘புதுசு’ என்றால் அந்த நம்பிக்கை போய்விடும்.

விதைப்பெட்டி:
நன்றி. சென்ற ஆண்டோடு பார்த்தால் சரிவு பத்து சதவீதம்தான். பெரும்பாலும் தமிழ் எழுத்துத் தேடல்களில். கத்தரிக்காய்ச் சொத்தைப் புழுவுக்கு மட்டும் என்னிடம் நாலு கட்டுரைகள் இருக்கின்றன. ஒரே தேடலுக்கு வாரம் ஒரு பக்கம் மாறி மாறி வருகிறது.

வரப்பு:
கோளாறு அங்கேதான் இருக்கிறது, உங்கள் பக்கங்களே ஒன்றோடொன்று போட்டி போடுகின்றன. நாலில் அதிக கிளிக்கும் வெளித்தள இணைப்பும் உள்ள பக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். மற்ற மூன்றிலும் பயனுள்ள பத்திகளை அதில் சேர்த்து, அவற்றை அதற்கே 301 செய்யுங்கள். தளத்துக்குள் பழைய முகவரிக்குப் போகும் இணைப்புகளையும் திருத்துங்கள். சேர்க்கும்போது விடையை மேலே கொண்டு வாருங்கள். வேப்ப எண்ணெய் எவ்வளவு என்று கேட்டு வருகிறவருக்கு, ‘ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, கலக்கச் சில சொட்டு சோப்புக் கரைசல், மாலையில் தெளிக்கவும்’ என்பது இரண்டாவது வரியிலேயே கிடைக்க வேண்டும். கத்தரியின் வரலாறு கீழே இருக்கட்டும்.

ஒரு தலைப்பை முடித்து ஆறு வாரமாவது பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். எந்தத் தேதியில் எதை மாற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். நடுவில் கோர் அப்டேட் (கூகுள் தன் தரவரிசை முறையில் செய்யும் பெரிய மாற்றம்) வந்தால், அது முடிந்து ஒரு வாரம் கழித்து, தொடங்குவதற்கு முந்தைய வாரத்தோடு ஒப்பிடுங்கள். தொடங்கிய நாளும் முடிந்த நாளும் கூகுளின் சர்ச் ஸ்டேட்டஸ் பக்கத்தில் இருக்கும். 2024 மார்ச்சில் வந்தது முடிய 45 நாள் ஆனது. அந்த மாதிரி நேரத்தில் பாதியில் பயந்து எதையும் மாற்றாதீர்கள்.

விதைப்பெட்டி:
சொத்தைப் புழுவில் தொடங்குகிறேன். தீம் பொங்கல் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.