மொன்றியல் கனேடியன்ஸின் இளம் வீரர்களை எப்படி எடைபோடுவது?

வணக்கம். மொன்றியல் கனேடியன்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் இளம் வீரர்களைத் தர வரிசைப்படுத்த முயல்கிறேன். ஆளுக்கொரு லீக்கில் வளர்ந்தவர்கள் என்பதால் புள்ளிக் கணக்கை (கோல்களும், கோலுக்குக் கொடுத்த உதவிகளும் சேர்ந்தது) நம்ப முடியவில்லை.

வட அமெரிக்காவின் முதன்மை லீக்கான என்எச்எல்லின் அணிகள் இளம் வீரர்களை வரிசையாக எடுக்கும் 2024 தேர்வில் ஐந்தாவதாக எடுக்கப்பட்ட இவான் டெமிடோவ், ரஷ்யாவின் முதன்மை லீக்கான கேஎச்எல்லில் வயதில் மூத்த வீரர்களோடு மோதியவர். அவருக்கே முதலிடம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அதே ஆண்டு 21ஆவதாக வந்த மைக்கேல் ஹேஜ் மிச்சிகன் பல்கலைக்கழக அணிக்குப் போனார். அங்கே ஒரு பருவத்துக்குச் சுமார் நாற்பது ஆட்டங்கள்தான். லீக்குக்கு லீக் ஒரு பெருக்கெண் வைத்து, புள்ளிகளை என்எச்எல் அளவுக்கு மாற்றும் முறை தெரியும். ஆனால் பவர் பிளேயில் (தண்டனையால் எதிரணி ஆள் குறைந்து ஆடும் நேரத்தில்) குவித்த புள்ளிகளையும், திறமையான கூட்டாளியால் கிடைத்தவற்றையும் அது பிரித்துக் காட்டுவதில்லை. நீங்கள் எப்படிக் கழிக்கிறீர்கள்?

தற்காப்பு வீரர்களிடம்தான் பெரிய சிக்கல். டேவிட் ரைன்பாக்கர் 2023இல் ஐந்தாவது தேர்வு. 2024இல் முழங்கால் அறுவை சிகிச்சையால் பல மாதங்கள் ஆடவில்லை. லேன் ஹட்சனோ 2022இல் 62ஆவதாக எடுக்கப்பட்டவர். உயரம் குறைவு என்று தயங்கியவர்கள் பலர். 2024-25 பருவத்தில் 66 புள்ளிகள் எடுத்து, சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பையை வாங்கிவிட்டார். அப்படியானால் தேர்வு எண்ணுக்கு எத்தனை ஆண்டுகள் வரை மதிப்புக் கொடுக்கலாம்?

கனேடியன்ஸின் துணை அணியான லாவல் ராக்கெட்டின் ஆட்டங்களைத் தொடர்ந்து பார்ப்பவர்கள், காயத்துக்குப் பிறகு ரைன்பாக்கரின் சறுக்கும் வேகம் எப்படி என்று சொல்லுங்கள். "பொறுத்திருந்து பாருங்கள்" என்ற பதில் மட்டும் வேண்டாம்; செப்டம்பர் பயிற்சி முகாமுக்குள் பட்டியலை முடிக்க வேண்டும்.