டிகின்டர் இருந்ததால்தான் பைத்தான் ஜெயித்ததா?

நிரல்நேசன்:
"கோ நிரல்மொழிக்கு, திரையில் விண்டோவும் பட்டனும் காட்டும் சொந்த விண்டோ லைப்ரரி கிடையாது, அதனால் அது என்றைக்கும் பெரிய மொழி ஆகாது. பைத்தானுக்கு டிகின்டர் இருந்தது, ஜெயித்தது" என்று டெல்ஃபிதாசன் சார் நேற்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. டிகின்டர் பைத்தானின் சொந்தச் சரக்கே இல்லை. ஜான் ஆஸ்டர்ஹவுட் தன் டிசிஎல் நிரல்மொழிக்காகச் செய்த டிகே என்ற விண்டோ லைப்ரரியின் மேல் போர்த்திய உறை அது. இன்றைக்கும் உள்ளே டிசிஎல் கட்டளைகளை இயக்கும் ஒரு இன்டர்பிரெட்டர் ஓடித்தான் பைத்தானில் பட்டன் தெரிகிறது. விண்டோ லைப்ரரிதான் ஒரு மொழியைத் தூக்கிவிடும் என்றால், பெற்ற தாய் டிசிஎல் ஏன் ஜெயிக்கவில்லை? பதில் சொல்லுங்கள்.

டெல்ஃபிதாசன்:
தம்பி, யார் பெற்றது என்பதா பேச்சு? பெட்டியிலேயே வந்தது, அதுதான் பேச்சு. விண்டோஸில் பைத்தானை நிறுவினால் டிகின்டரும் கூடவே வந்து உட்கார்ந்துவிடும். அதோடு வரும் ஐடில் எடிட்டரே டிகின்டரில் எழுதியதுதான். பத்து வரி எழுதினால் ஒரு விண்டோ கண் முன்னால் நிற்கும். புதிதாகப் படிக்க வரும் பையனுக்கு அந்த முதல் பட்டன் தரும் தைரியத்தை எழுத்து மட்டுமே ஓடும் உங்கள் கறுப்புத் திரை தருமா? நான் 1997-லிருந்து டெல்ஃபியில், போர்லண்ட் விண்டோஸுக்காகச் செய்த நிரல் கருவியில், இருக்கிறேன். ஃபார்மில் பட்டனைப் போட்டு, இரண்டு தட்டு தட்டி, கோடு எழுதி, எஃப்9 அழுத்தினால் ஒரே எக்ஸி ஃபைல். என் பில்லிங் நிரலை ஃப்ளாப்பியில் போட்டுக்கொண்டு மில்லுக்குப் போவேன், அங்கே அப்படியே ஓடும்.

நிரல்நேசன்:
ரூபி மொழியின் பெட்டியிலும்தான் டிகே இருந்தது. 2.4 பதிப்பில் தூக்கி வெளியே வைத்தார்கள், யாரும் தேடவில்லை. ரூபியைத் தூக்கிவிட்டது, வலைத்தளம் கட்ட உதவும் ரெயில்ஸ். பைத்தானைத் தூக்கிவிட்டது கணக்கும் தரவும் கையாளும் நம்பையும் பாண்டாஸும், பிறகு செயற்கை நுண்ணறிவுக்கான டென்சர்ஃப்ளோவும் பைடார்ச்சும். 2021 அக்டோபரில், எந்த மொழி பிரபலம் என்று வரிசைப்படுத்தும் டியோபி பட்டியலில் பைத்தான் முதல் இடத்துக்கு வந்ததே, அன்று எத்தனை பேர் டிகின்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்? கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது: டிசிஎல் ஏன் ஜெயிக்கவில்லை? ஒரே எக்ஸி என்ற பெருமையும் வேண்டாம். அன்றைக்கு டேட்டாபேஸ் தொட்டால் போர்லண்டின் பிடிஇ என்ற டேட்டாபேஸ் இன்ஜினைத் தனியாக நிறுவ வேண்டியிருந்தது. பிடிஇ இல்லாமலா பில் அடித்தீர்கள்?

நடுப்பக்கம்:
முதலில் 'சொந்த' லைப்ரரி, அதாவது 'நேட்டிவ்' என்றால் என்ன என்று முடிவு செய்யலாமா? பட்டனை இயங்குதளமே வரைய வேண்டுமா, அதே சாயலில் லைப்ரரி வரைந்தாலும் போதுமா? ஜாவாவில் ஏடபிள்யூடி என்ற லைப்ரரியின் பட்டன் இயங்குதளத்தின் பட்டன், ஸ்விங் என்ற லைப்ரரியின் பட்டன் தானே வரைந்துகொள்வது. டிகே விண்டோஸில் ஒரு மாதிரி, லினக்ஸில் வேறு மாதிரி. ஆளுக்கு ஒரு பொருளில் பேசினால் விடியாது.

டெல்ஃபிதாசன்:
பிடிஇ பற்றி எனக்கே பாடமா? என் பில்லிங்குக்கு நானே எழுதிய ஃபைல் முறை, பிடிஇ தொட்டதே இல்லை. சரி, ஆப்ஜெக்டிவ்-சி-யைப் பாருங்கள். 1980-களிலிருந்தே இருந்த மொழி, யார் சீண்டினார்கள்? 2008-ல் ஐபோனுக்கு நிரல் எழுதும் எஸ்டிகே வந்தது, யூஐகிட் என்ற அதன் விண்டோ லைப்ரரி கையில் கிடைத்தது. 2011, 2012 இரண்டு வருடமும் அதே டியோபி அதைத்தான் ஆண்டின் மொழி என்றது. விண்டோ லைப்ரரி மொழியைத் தூக்காது என்று இதற்கு அப்புறமும் சொல்வீர்களா?

நிரல்நேசன்:
அது ஐபோன் விற்ற விற்பனை, மொழியின் பெருமை இல்லை. வேறு வழியில்லாமல் எழுதினார்கள். 2014-ல் ஆப்பிளின் புது மொழி ஸ்விஃப்ட் வந்ததும் கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது. கோ மொழியில் ஒரு பட்டன்கூட இல்லாமல்தான் 2013-ல் நிரல்களைப் பொதிந்து ஓட்டும் டாக்கர் வந்தது, 2014-ல் அந்தப் பொதிகளைப் பல சர்வர்களில் மேய்க்கும் குபர்னெட்டிஸ் வந்தது. உலகத்துச் சர்வர்களில் எவ்வளவோ வேலை அந்தக் கறுப்புத் திரைக்குப் பின்னால்தான் நடக்கிறது. போன வருடம் நான் காட்டிய நிரலை "விண்டோ இல்லாத வீடு" என்று எல்லார் முன்னாலும் கேலி செய்தீர்கள். நான் மறக்கவில்லை. டிசிஎல்?

கொம்புசுழி:
இரண்டு பேரும் ஒரு தடவையாவது அந்தப் பட்டனில் தமிழ் எழுதிப் பார்த்தீர்களா? லினக்ஸில் டிகின்டரில் 'கெ' என்று எழுதினேன். ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. அங்கே டிகே எழுத்துகளை ஒவ்வொன்றாக அடுக்குகிறதே தவிரச் சேர்த்து அமைப்பதில்லை. அதே நிரல் விண்டோஸில் ஒழுங்காகத் தெரிந்தது, ஏனென்றால் அங்கே அந்த வேலையை இயங்குதளம் பார்த்துக்கொள்கிறது. எழுத்துகளைச் சேர்த்து அமைக்கும் ஹார்ஃபபஸ் உள்ளே இருப்பதால் க்யூட்டி லைப்ரரியிலும் குரோம் உலாவியிலும் இந்தத் தொல்லை இல்லை. என் அம்மா படிக்க ஒரு சின்ன அகராதி செய்யப் போய் மூன்று வாரம் போனது. எனக்கு நேட்டிவ் என்றால் இதுதான்.

டெல்ஃபிதாசன்:
பார்த்தீர்களா? இயங்குதளத்தின் பட்டனாக இருந்தால் தமிழ் ஒழுங்காக வரும் என்று கொம்புசுழி அம்மாவே சொல்லிவிட்டார்கள். டெல்ஃபியின் விண்டோ லைப்ரரியான விசிஎல்-லில் இருப்பது விண்டோஸின் சொந்தப் பட்டன். 1995-லேயே செய்து காட்டினோம்.

நிரல்நேசன்:
1995-லா? எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோட் குறியீட்டை விசிஎல் பேச ஆரம்பித்ததே டெல்ஃபி 2009-ல். அதுவரை உங்கள் சொந்தப் பட்டனில் எந்தத் தமிழ் வந்தது?

டெல்ஃபிதாசன்:
டாம் எழுத்துருவில் வந்தது. தமிழ்நாடு அரசாங்கமே 1999-ல் ஏற்றுக்கொண்ட குறியீடு அது. கடைக்காரர் தமிழில் பில் கொடுத்தார், வாடிக்கையாளர் படித்துக் காசு கொடுத்தார். உங்களுக்கு அப்போது என்ன வயது?

கொம்புசுழி:
அந்த டாம் ஃபைல்களை யூனிகோடுக்கு மாற்றும் வேலை எங்கள் தலையில்தான் விழுந்தது. அதைப் பெருமையாகச் சொல்லாதீர்கள்.

நடுப்பக்கம்:
இப்போதாவது நேட்டிவ் என்றால் என்ன என்று…

நிரல்நேசன்:
வயதைக் கேட்டால் பதில் ஆகாது சார். அவ்வளவு நல்ல சொந்தப் பட்டன் இருந்த டெல்ஃபியே ஏன் கீழே போனது? அதை வடிவமைத்த ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க்கே 1996-ல் மைக்ரோசாஃப்ட்டுக்குப் போய் சி ஷார்ப் செய்தார். இப்போது ஒன்றுக்கு இரண்டு கேள்வி. டெல்ஃபி ஏன் விழுந்தது, டிசிஎல் ஏன் எழவே இல்லை?

டெல்ஃபிதாசன்:
டெல்ஃபியை விழவைத்தது விலையும் விற்றவர்களும். பட்டன் இல்லை. டெல்ஃபி மாதிரியே வேலை செய்யும் லாசரஸ் இன்றைக்கும் இலவசம், இன்றைக்கும் அந்தந்த இயங்குதளத்தின் பட்டனையே எடுத்துக்கொள்கிறது. இறக்கி ஓட்டிப் பாருங்கள். டிகின்டர் பெட்டியிலேயே வந்தது தம்பி. அதை உங்களால் மறுக்க முடியவில்லை.

நிரல்நேசன்:
பெட்டியில் வந்ததை யார் மறுத்தார்கள்? டிசிஎல் பெட்டியில் என்ன வந்தது என்று சொல்லுங்கள்.