ஓடாவி அப்பாவின் நினைவு மலரில் என்ன எழுதுவது?

ஆரையம்பதி மகன்:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா இந்த மாதத் தொடக்கத்தில் காலமாகிவிட்டார். 31ஆம் நாளுக்கு நினைவு மலர் அடிக்க வேண்டும். அச்சகத்தில் மாதிரிக்கு நான்கைந்து தந்தார்கள். எல்லாவற்றிலும் பண்பின் சிகரம், பாசத்தின் உறைவிடம் என்றுதான் இருக்கிறது. பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். அப்பா எந்தச் சபையிலும் பதவியில் இருந்தவர் இல்லை, மரவேலை செய்கிற ஓடாவி. எனக்குத் தெரிந்ததைக் கீழே எழுதுகிறேன். இதை எப்படி மலராக்குவது?

1978 சூறாவளிக்குப் பிறகுதான் வேலை பழகியிருக்கிறார். மட்டக்களப்பில் எங்கு பார்த்தாலும் கூரை இல்லாத வீடுகள். தாய்மாமனோடு போய், விழுந்த தென்னைகளைக் கிழித்துக் கைமரம் சீவியதுதான் முதல் வேலையாம். அப்புறம் பெரும்பாலும் வாவிக்கு அக்கரையில் இருக்கிற படுவான்கரையில்தான் வேலை. மண்முனைப் பாலம் 2014இல்தான் வந்தது. அதுவரை விடியற்காலையில் சைக்கிளையும் உளிப்பெட்டியையும் பாதையில் (ஆட்களை ஏற்றி வாவியைக் கடக்கிற மிதவையில்) ஏற்றிக்கொண்டு அக்கரை போவார். இருட்டியும் வராவிட்டால் அம்மா துறையடிக்கே போய் நிற்பார். சண்டைக் காலத்தில் சோதனைச் சாவடியில் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு உளியாக எடுத்துக் காட்ட வேண்டும். அதற்காக ஒரு நாளும் வேலையை விட்டதில்லை.

எங்கள் பக்க வழக்கம் தெரியும்தானே, பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். எனக்கு மூன்று அக்காமார். மூத்தக்காவுக்கு நாங்கள் இருந்த வீட்டையே கொடுத்துவிட்டு, வளவின் பின்பக்கம் கிடுகுக் கொட்டிலுக்குப் போனோம். கூலி கிடைக்கிற கிழமையில் ஒரு பலகையோ இரண்டு சட்டமோ வாங்கி வந்து கட்டிலுக்குக் கீழே அடுக்கிக் காய வைப்பார். பகலில் ஊராருக்கு, இரவில் பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில் அக்காமாருக்கு. சின்னக்காவின் வாசல் கதவுக்கு நல்ல முதிரை மரம் கிடைக்கும் வரை கல்யாண நாளையே தள்ளி வைக்கச் சொன்னவர்.

நடு அக்காவின் வீடு கடற்கரைப் பக்கம். 2004 டிசம்பர் 26இல் அத்திவாரம்தான் மிஞ்சியது. ஆட்கள் தப்பியது கடவுள் புண்ணியம். சில நாள் கழித்து அப்பா போய், மணலுக்குள் கிடந்த வாசல் நிலையைக் கிளறி எடுத்து வண்டிலில் ஏற்றி வந்தார். புது வீட்டுக்கும் அதே நிலைதான். நிலை வைக்கும் நாளில் ஓடாவிக்குக் கொடுக்கிற வேட்டியை அக்கா அவருக்குக் கொடுத்துக் காலில் விழுந்தார்.

கொக்கட்டிச்சோலை:

தம்பி, பச்சை நிறப் பெட்டியோடு பாதையில் வருகிறவரா? அவர்தான் என்றால் எங்கள் வீட்டு வாசல் நிலை அவர் செய்தது. நானும் இதே தொழில்தான், அதனால் சொல்கிறேன். நிலையின் மூலையில் இரும்பு ஆணி கிடையாது. துளைக்குள் முளையை இறுக்கி மர ஆணி அடித்திருக்கிறார். இன்றைக்கும் ஒரு தாள் நுழைய இடமில்லை. முதிரையில் கையால் அப்படித் துளை எடுத்தால் உளி மழுங்கிக்கொண்டே இருக்கும். நாங்கள் இப்போது மெசினில் எடுக்கிறோம்.

இதையும் கட்டாயம் போடுங்கள். சாவு வீட்டுக்குப் பெட்டி செய்தால் பலகைக் காசு மட்டும்தான் வாங்குவார், கூலி வாங்கமாட்டார். எங்கள் அப்பாவுக்கு இரவிரவாக இருந்து செய்து தந்தார்.

களுவாஞ்சிகுடி அக்கா:

தம்பி, நீங்கள் இங்கே எழுதியதே மலர்தான். இதைக் கவிதையாக்கித் தரச் சொல்லி யாரிடமும் கொடுக்காதீர்கள், மறுபடியும் சிகரமும் உறைவிடமும் வந்துவிடும். தேவாரம், திருவாசகப் பக்கங்களைக் குறைக்க வேண்டாம். பெரியவர்கள் அதற்காகத்தான் மலரை எடுத்து வைத்துப் படிப்பார்கள். நடுப் பக்கங்களில் அவர் செய்த கதவு, நிலைகளின் படங்களைப் போடுங்கள். எந்த ஊர், எந்த மரம் என்று படத்தின் கீழ் ஒரு வரி போதும். அம்மாவிடம் கேட்டீர்களா? பிள்ளைகளுக்குத் தெரியாதது அவரிடம் நிறைய இருக்கும்.

ஆரையம்பதி மகன்:

அண்ணா, அதே பச்சைப் பெட்டிதான். பெட்டி செய்து கொடுத்த கதை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அக்காமாருக்கு வாசித்துக் காட்டினேன்.

அம்மாவிடம் கேட்டேன். கூலி கிடைக்கிற நாளில் படுவான்கரைத் தயிர் முட்டி ஒன்றை சைக்கிள் கரியரில் கட்டி வருவாராம். தயிரின் மேலே படிந்திருக்கிற ஆடையை அம்மாவுக்கு எடுத்து வைத்த பிறகுதான் எங்களைத் தொட விடுவாராம். இதை மலரில் போடக் கூடாது என்று அம்மா சொல்கிறார், நான் போடப் போகிறேன்.

அண்ணா, உங்கள் வீட்டு நிலையை மூலை தெரிகிற மாதிரிப் படம் எடுத்து அனுப்ப முடியுமா? வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.