கப்பல் டின்னருக்கு ஆண்கள் என்ன போடுவது? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

திருவான்மியூர் நடையன்:

போன டிசம்பரில் சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் 4 இரவுக் கப்பலில் குடும்பத்தோடு போனோம். கப்பல் பெயர் வேண்டாம். முதல் நாள் மதியம் மரினா பேயில் ஏறும்போதே பெட்டிகளை வாங்கிக்கொண்டு, "ரூமுக்கு வந்துவிடும்" என்றார்கள். நான் முக்கால் டவுசர், டீ ஷர்ட், ரப்பர் செருப்பு. விடுமுறைதானே.

ராத்திரி ஏழரைக்கு மெயின் டைனிங் ரூம் வாசலில் வரிசை. மனைவி எதற்கும் இருக்கட்டும் என்று கைப்பையில் ஒரு புடவையை மடித்து வைத்திருந்தாள். கட்டிக்கொண்டு தயாராக நின்றாள். மகள் சுடிதார். எங்கள் முறை வந்ததும் வாசலில் நின்ற பெண் சிரித்தபடி வரவேற்றாள். பார்வை என் முழங்காலுக்கு வந்ததும் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. பேண்ட் இருந்தால் மாற்றிக்கொண்டு வர முடியுமா என்று கேட்டாள். பேண்ட் இருந்தது, பெட்டிக்குள். பெட்டி எங்கே இருந்தது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

மனைவி என்னைப் பார்த்தாள், உள்ளே பார்த்தாள். "சரி, நீங்க மேலே பஃபேல சாப்பிடுங்க, நாங்க முடிச்சிட்டு வர்றோம்" என்றாள். 25-ஆவது கல்யாண நாளுக்காகப் போட்ட பயணம் அது. மேல் தளத்தில் நீச்சல் குளத்திலிருந்து சொட்டச் சொட்ட வந்த பையன்களுக்குப் பின்னால் தட்டை ஏந்தி நின்றேன். எட்டே முக்காலுக்கு வாட்ஸ்அப்பில் படம் வந்தது: வெள்ளை மேஜைவிரிப்பு, மெழுகுவர்த்தி, என் காலி நாற்காலி. பெட்டி ஒன்பது மணிக்கு வந்து ரூம் வாசலில் நின்றது.

அடுத்த மே மாதம் பார்சிலோனாவில் ஏறி மத்தியதரைக் கடலில் 7 இரவு. அதில் 2 இரவு 'ஃபார்மல்' என்று போட்டிருக்கிறது. பிரோஷரில் இருப்பது எனக்கும் தெரியும். நீங்கள் போட்டது என்ன என்று சொல்லுங்கள்.

ஜூரோங் மாமா:

தம்பி, நீங்கள் தடுக்கியது ஃபார்மலில் இல்லை, சாதா ராத்திரியில். நம் ஆட்கள் எல்லாரும் இங்கேதான் தடுக்குவார்கள். கோட்டைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டே போய் டவுசரில் மாட்டிக்கொள்வது.

இதுவரை 11 தடவை போயிருக்கிறேன், பெரும்பாலும் சிங்கப்பூரிலிருந்து. எனக்குத் தெரிந்தது இது. சாயங்காலம் ரூமுக்கு மறுநாள் நிகழ்ச்சித் தாள் வரும். இப்போது பாதிக் கப்பலில் அது போனில் ஆப்பாக வருகிறது. அதில் அன்றன்றைய உடை போட்டிருக்கும். கேஷுவல் என்றால் பேண்ட், காலர் வைத்த சட்டை. ஸ்மார்ட் கேஷுவல் என்றால் அதையே இஸ்திரி போட்டு, மேலே ஒரு பிளேசர், விருப்பப்பட்டால். ஃபார்மல் என்றால் கோட்டு, டை. பெரும்பாலான கம்பெனிகளில் 3-4 இரவுப் பயணத்துக்கு ஒரு ஃபார்மல், 7 இரவுக்கு இரண்டு. முதல் இரவும் கடைசி இரவும் ஃபார்மல் வைக்க மாட்டார்கள். முதல் நாள் பெட்டி வந்திருக்காது, கடைசி நாள் பெட்டியைக் கட்டி வெளியே வைத்திருப்போம். உங்கள் கதைதான் காரணம், பாருங்கள்.

அதனால் கையில் எடுத்துப் போகும் பையில் ஒரு பேண்ட், ஒரு சட்டை, மாத்திரை, சார்ஜர். இதைச் செய்தால் முதல் நாள் ராஜா மாதிரி உள்ளே போகலாம். இன்னொன்று, நிறையக் கப்பல்களில் லாப்ஸ்டர் போடுவது ஃபார்மல் ராத்திரியில்தான். என் மச்சான் கோட்டுப் போடச் சோம்பல்பட்டு பஃபேக்குப் போய், மறுநாள் முழுக்க அதைப் பற்றியே பேசினார்.

கலர் சட்டை:

எனக்கு இதில் உடன்பாடில்லை. காசு கொடுத்து லீவில் போகிறோம். ஆபீசில் ஐந்து நாள் கழுத்தில் கட்டுவதை நடுக்கடலிலும் கட்டச் சொன்னால் எப்படி? 1912-ல் டைட்டானிக் மூழ்கும்போது கோடீஸ்வரர் பெஞ்சமின் குக்கன்ஹைம் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு டின்னர் உடைக்கு மாறினார் என்று சொல்வார்கள். பெரிய மனிதர்தான். ஆனால் நான் போவது மெக்சிகோ கடற்கரைக்கு.

நார்வீஜியன் என்ற கப்பல் கம்பெனி 2000-லிருந்தே 'ஃப்ரீஸ்டைல்' என்று சொல்லி ஃபார்மல் கட்டாயத்தை எடுத்துவிட்டது. செலிபிரிட்டி கம்பெனியும் 2015 டிசம்பரில் ஃபார்மல் இரவை நிறுத்திவிட்டு, 'ஈவ்னிங் ஷிக்' என்று பேர் வைத்தது. ஷிக் என்றால் என்ன என்று கேட்டால் ஒவ்வொருத்தர் ஒவ்வொன்று சொல்கிறார்கள். நான் பூப்போட்ட சட்டையும் கறுப்பு பேண்டும் போட்டேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. உங்களுக்குக் கோட்டு பிடிக்காது என்றால் கப்பலை மாற்றுங்கள், உங்களை மாற்றிக்கொள்ளாதீர்கள்.

தூத்துக்குடி டிரே:

நான் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றவன். கரீபியன் ஓடும் கப்பல் ஒன்றில் 6 வருஷம் அசிஸ்டென்ட் வெயிட்டர். ஊர் தூத்துக்குடி பக்கம். மேலே இரண்டு பேரும் சொல்வது சரிதான். வாசலில் நடப்பதை நான் சொல்கிறேன்.

விதி அச்சில் ஒன்று, வாசலில் ஒன்று. வாசல் பொறுப்பில் நிற்பவர் பார்ப்பது நான்கே விஷயம். கால்சட்டை முழங்காலுக்குக் கீழே இருக்கிறதா, சட்டைக்குக் கை இருக்கிறதா, தலையில் தொப்பி இருக்கிறதா, காலில் கடற்கரைச் செருப்பா. சில கம்பெனி சாதா ராத்திரியில் நல்ல டவுசரைக்கூட விட்டுவிடும். கை இல்லாத பனியனை மட்டும் எந்தக் கப்பலும் விட்டு நான் பார்த்ததில்லை. ஃபார்மல் ராத்திரியில் என் செக்‌ஷனில் டக்ஸீடோ, அதாவது வில் டையோடு போடும் கறுப்பு டின்னர் கோட்டு, போட்டு வருபவர் ஒன்றிரண்டு பேர்தான். மற்றவர் கறுப்பு அல்லது நீலக் கோட்டு. கோட்டு இல்லாமல் முழுக்கைச் சட்டை, டை மட்டும் போட்டு வந்தவர்களையும் உட்கார வைத்திருக்கிறோம். உட்கார்ந்ததும் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினால் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் பெரும்பாலும் கழற்ற மாட்டீர்கள். அந்த ஹாலில் ஏசி போடுகிற போடு அப்படி. பெண்கள் எல்லாம் சால்வை கேட்பார்கள்.

ஒருநாள் நம் ஊர்க்காரர் ஒருவர், அறுபது வயசிருக்கும், மூணு பீஸ் சூட்டில் வந்தார். கறுப்புத் துணியில் மெல்லிய கோடு, சட்டைப்பையில் மடித்த கைக்குட்டை. கீழே பார்த்தால் ரூமில் கொடுக்கும் வெள்ளைத் துணிச் செருப்பு. ஷூவை வீட்டிலேயே மறந்துவிட்டாராம். அவர் கேட்பதற்கு முன்னாலேயே தமிழில் "ஐயா, வாங்க, சுவரோரம் உட்காருங்க" என்று கூட்டிப் போய் விட்டேன். மேஜைவிரிப்பு நீளமாகத் தொங்கும், கால் தெரியாது. ஆனால் போட்டோகிராபர் வந்து எல்லாரையும் மாடிப்படியில் நிற்கச் சொன்னபோது மனுஷன் பின்வரிசையைவிட்டு நகரவே இல்லை.

ரெண்டு உபகாரம் சொல்கிறேன். இஸ்திரிப் பெட்டி கொண்டுவராதீர்கள். ஏறும்போதே ஸ்கேனில் பிடித்து வைத்துக்கொண்டு கடைசி நாள்தான் தருவார்கள், தீ பயம். சில கப்பலில் துணி துவைக்கும் அறையில் இஸ்திரி இருக்கும், பல கப்பலில் அந்த அறையே இருக்காது. சட்டையை ஹேங்கரில் போட்டு பாத்ரூம் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டு சுடுதண்ணீரில் குளியுங்கள். அந்தப் பாத்ரூம் நம் ஊர் பீரோ அளவுதான், நீராவி தங்கும். பத்து நிமிஷத்தில் சுருக்கம் போய்விடும். இரண்டாவது, கறுப்பு ஷூ. சட்டையும் பேண்டும் யாரிடமாவது கடன் வாங்கலாம். ஷூவைக் கடன் வாங்க முடியாது.

நியூஜெர்சி அப்பா:

அலாஸ்கா போனோம், சியாட்டிலில் ஏறி. 2009-ல் என் ரிசப்ஷனுக்குத் தைத்த கோட்டை நம்பிப் போனேன். ரூமில் போட்டுப் பார்த்தால் பட்டன் காஜாவுக்கு ஒரு ஜாண் தூரத்தில் நிற்கிறது. திறந்தபடியே போனேன். சின்னவன் ராத்திரி முழுக்க "அப்பா கோட்டை மூடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான். கிளம்பும் முன்னாலேயே வீட்டில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். எனக்குச் சொல்ல வேறு எதுவும் இல்லை.

அட்லாண்டிக் தாத்தா:

எல்லாரும் பேசியாகிவிட்டது, நான் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வயது 71. மகள் லண்டனில், மகன் நியூயார்க் பக்கம். விமானத்தில் ஆயிரம் தடவை போயாயிற்று, ஒருமுறையாவது கடலில் போகலாம் என்று சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க் வரை குயின் மேரி 2-இல் 7 இரவு போனேன். 2004-லிருந்து ஓடும் கப்பல். டின்னர் உடை என்றால் உலகத்திலேயே கறாரான கப்பல் இதுதான் என்று மகள் பயமுறுத்தினாள். சாயங்காலம் 6 மணிக்கு மேல் கப்பல் முழுவதும் உடுத்துக்கொண்டு திரியும். 'கலா' என்று அவர்கள் சொல்லும் இரவுகளில் கறுப்பு டை, டின்னர் ஜாக்கெட். எங்கள் பயணத்தில் அப்படி 2 இரவு. மாற்றிக்கொள்ள மனமில்லாதவர்களுக்கு மேலே கிங்ஸ் கோர்ட் பஃபே இருக்கிறது, யாரும் பட்டினி கிடக்க வேண்டாம்.

விதியை நான் வரி வரியாகப் படித்தேன். டக்ஸீடோ, கறுப்புச் சூட்டு என்று சொல்லிக்கொண்டு போய், கூடவே தேசிய உடை, ராணுவச் சீருடை, ஸ்காட்லாந்து ஆண்கள் பாவாடை மாதிரி கட்டும் கில்ட் ஆகியவையும் சரி என்று எழுதியிருந்தது. தேசிய உடை! நான் ஏன் கோட்டுத் தைக்க வேண்டும்? காஞ்சிபுரம் பட்டு வேட்டி, ஜரிகை அங்கவஸ்திரம், மேலே கழுத்து மூடிய கறுப்புக் கோட்டு. அதைத்தான் எடுத்துப் போனேன்.

சொல்வது சுலபம். முதல் கலா இரவு அன்று ரூமில் கண்ணாடி முன்னால் நிற்கும்போது வயிற்றைக் கலக்கியது. 2014-ல் சென்னை சேப்பாக்கத்தில் ஒரு உயர் நீதிமன்ற நீதிபதியையே வேட்டி கட்டியிருந்தார் என்று ஒரு கிளப் வாசலில் நிறுத்தினார்கள். அதற்கு அடுத்த மாதமே சட்டசபையில் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. சேப்பாக்கத்திலேயே அந்தக் கதி என்றால் நடு அட்லாண்டிக்கில் எனக்கு எந்தச் சட்டம்?

பிரிட்டானியா ரெஸ்டாரன்ட் வாசல். எனக்கு முன்னால் ஒருவர் பச்சைக் கட்டம் போட்ட கில்ட், முழங்கால்வரை சாக்ஸ், இடுப்பில் தோல் பை. அவரை உள்ளே விட்டார்கள். வாசலில் நின்றவர் என் வேட்டிக் கரையை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு லேசாகத் தலையைக் குனிந்து, மிக நன்றாக இருக்கிறது என்று சொல்லி நாற்காலிவரை கூட்டிப் போனார். மேஜை எட்டுப் பேருக்கு. பக்கத்தில் அந்தக் கில்ட்காரர். சூப் வருவதற்குள் அவர் என் ஜரிகையைத் தொட்டுப் பார்த்தார், நான் அவர் கம்பளியைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளே என்ன போட்டிருக்கிறீர்கள் என்று அவரிடம் கேட்கக் கூடாதாம், அது அவர்கள் ஊரில் பழைய வேடிக்கை. என்னிடம் அவர் கேட்டார். பட்டாபட்டியை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? கையால் காட்டினேன். மேஜையே சிரித்தது.

எதிரே ஒரு ஓய்வுபெற்ற கப்பற்படைக்காரர், கோட்டு இல்லாமல் வெள்ளைச் சட்டை, இடுப்பில் அகலமான சிவப்புத் துணி. வெப்பமான கடல்களில் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு அப்படி உடுத்துவதற்கு 'ரெட் சீ ரிக்' என்று பேராம், செங்கடல் உடை. அட்லாண்டிக்கில் ஏன் என்று கேட்டால், கோட்டு இப்போது தனக்குச் சேரவில்லை என்றார். நியூஜெர்சி அப்பா கவனிக்க. அந்த இடுப்புத் துணிக்குப் பெயர் கமர்பந்த். இந்தியாவிலிருந்து வெள்ளைக்காரர்கள் எடுத்துப்போன சாமான். நம் இடுப்புக் கச்சை அவர்களுடைய ஃபார்மல், அதைப் போட்டுக்கொண்டு நம்மிடமே விதி சொல்வார்கள்.

கலர் சட்டை தம்பி சொன்னதை நான் மறுக்கவில்லை. கட்டாயம் என்றால் எனக்கும் பிடிக்காது. ஆனால் அந்த ராத்திரி இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் சிரமம் எடுத்து உடுத்திக்கொண்டு ஒரே மாடிப்படியில் இறங்கியதைப் பார்த்தபோது, ஊரில் கல்யாண வீட்டில் ரிசப்ஷனுக்கு முன்னால் மண்டபம் நிரம்புவது ஞாபகம் வந்தது.

திருவான்மியூர் நடையன்:

எல்லாருக்கும் நன்றி. ஒரு நீலக் கோட்டு, இரண்டு வெள்ளை முழுக்கைச் சட்டை, கறுப்பு பேண்ட், ஷூ என்று முடிவு செய்தேன். ஷூவைக் கைப்பையிலேயே வைக்கச் சொல்லி மனைவி உத்தரவு. தாத்தாவின் பதிவைப் படித்ததிலிருந்து இன்னொரு யோசனை ஓடுகிறது. இரண்டாவது ஃபார்மல் இரவுக்குப் பட்டு வேட்டி. என் கப்பலின் விதியில் தேசிய உடை பற்றி ஒன்றும் எழுதவில்லை. மெயில் அனுப்பிக் கேட்டிருக்கிறேன்.

தாத்தா, ஒரு சந்தேகம். வேட்டியை எப்படி நிறுத்தினீர்கள்? ஒட்டிக்கோ வேட்டி போதுமா, பெல்ட் வேண்டுமா?

அட்லாண்டிக் தாத்தா:

டைனிங் ரூம்வரைக்கும் ஒட்டிக்கோ போதும். சாப்பிட்டுவிட்டு மனைவியோடு டெக்கில் நடக்கப் போவீர்கள் அல்லவா, அங்கே கதவைத் திறந்ததுமே காற்று அறையும். பெல்ட் போடுங்கள். அங்கவஸ்திரத்தை ரூமில் விட்டுவிட்டுப் போங்கள். என்னுடையது இன்னும் அட்லாண்டிக்கில்தான் இருக்கிறது.