வேர்ட்பிரஸ்ஸிலேயே இருப்பதா, ஹியூகோவுக்குப் போவதா? தளத்தைச் சோதிக்க எந்தக் கருவி?

கேட்டவர்: தறிச்சத்தம் (சென்னிமலை)

எல்லோருக்கும் வணக்கங்க.

அப்பாவுக்குச் சென்னிமலையில் கைத்தறி பெட்ஷீட் வியாபாரம். 2019இல் கடைக்கு நானே வேர்ட்பிரஸ்ஸில் (நிரல் எழுதத் தெரியாமலே தளம் நடத்த உதவும் மென்பொருள்) ஒரு தளம் போட்டேன். அதைப் பார்த்துவிட்டுத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் கேட்க, இப்போது ஏழு தளங்கள் என் பொறுப்பில் இருக்கின்றன. ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டி, ஒரு பள்ளிக்கூடம், ஒரு கோயில் கமிட்டி, மற்றவை சிறு கடைகள். மாதாமாதம் பணமும் வாங்குகிறேன். அதனால் ஒன்று கெட்டுப்போனால் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

போன ஆடியில் கரூரிலிருந்து பழைய பார்ட்டி ஒருவர் அப்பாவுக்குப் போன் செய்தார். "ஏனுங்க, உங்க கடைப் பேரைத் தேடுனா ஜப்பான்காரன் எழுத்தா வருதுங்களே?" என்றார். நான் உடனே தளத்தைத் திறந்து பார்த்தேன். அதே போர்வைப் படம், அதே விலை, எல்லாம் சரியாக இருந்தது. அவர் எதையோ மாற்றித் தட்டியிருப்பார் என்று விட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து மனசு கேட்காமல், எங்கள் தளத்தின் பக்கங்களை மட்டும் காட்டச் சொல்லி கூகுளில் தேடினேன். எங்களுடையது மொத்தம் 31 பக்கம்தான். வந்ததோ ஆயிரக்கணக்கில். கைக்கடிகாரம், கைப்பை, செருப்பு என்று எல்லாம் ஜப்பானிய எழுத்தில், எங்கள் கடை முகவரிக்குக் கீழே. நாம் போனால் போர்வையைக் காட்டியது, கூகுளின் ரோபோ போனால் கைப்பையைக் காட்டியது.

தேடித் தேடிக் கடைசியில் கிடைத்தது படங்கள் ஏற்றும் ஃபோல்டருக்குள். ஜமுக்காளப் படங்கள் வரிசையாக இருக்க, நடுவில் ஒரே ஒரு பிஎச்பி ஃபைல், அதாவது சர்வரில் ஓடும் நிரல். பெயரும் படத்தின் பெயர் மாதிரியே வைத்திருந்தார்கள். திறந்தால் எழுத்தும் எண்ணும் கலந்து ஒரே வரி, வலது பக்கம் தள்ளத் தள்ள முடியவே இல்லை. படங்களை மாற்றி மாற்றிக் காட்ட, காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒரு ஸ்லைடர் ப்ளகினை (வேர்ட்பிரஸ்ஸோடு சேர்க்கும் துணை நிரல்) தெரிந்தவர் பென்டிரைவில் கொடுத்தார் என்று போட்டிருந்தேன். அதன் வழியாகத்தான் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஹோஸ்டிங் நிறுவனம் தங்கள் பக்கம் குறை இல்லை என்று சொல்லி, சுத்தம் செய்வதற்குத் தனிக் கட்டணம் கேட்டது. அப்பாவோ, "பூட்டுப் படம் இருக்குதே கண்ணு, அப்புறம் எப்படி உள்ள வந்தான்?" என்று கேட்கிறார். அந்தப் பூட்டுப் படத்தைத் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் வழியில் போகிற தகவலுக்குத்தான் உறை, வீட்டுக்குப் பூட்டு இல்லை என்று அவருக்குப் புரியவைக்கவே ஒரு சாயங்காலம் ஆனது.

இரண்டு கேள்விகள். ஒன்று, இந்த ஏழையும் வேர்ட்பிரஸ்ஸிலேயே வைத்துக்கொள்வதா, ட்ரூபல், ஜூம்லா, ஹியூகோ என்று தளம் கட்டும் வேறு மென்பொருளுக்கு மாறுவதா? இரண்டு, தளத்தில் ஓட்டை இருக்கிறதா என்று சோதிக்க ஸாப், நிக்டோ, டபிள்யூபிஸ்கேன், ஓப்பன்வாஸ் என்று நாலு பெயர் சொல்கிறார்கள். தனி ஆளாகப் பார்ப்பவளுக்கு எது உதவும்? எதுவானாலும் கட்டற்ற மென்பொருளாக இருக்க வேண்டும். காசுக்காக மட்டும் சொல்லவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பத்துப் பேர் திறந்து பார்க்க முடியாத எதையும் இனிமேல் போடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

பதில் 1: சிங்காநல்லூர்க் குளத்துக்காரி

தங்கச்சி, நான் கோயமுத்தூரில் பதினொரு வருசமாக இதே சோதனை வேலைதான் பார்க்கிறேன். கருவிக்குப் போகும் முன் ஒன்று கேட்கிறேன். அந்த ஒரு ஃபைலை அழித்ததோடு விட்டுவிட்டீர்களா? அப்படியானால் வேலை இன்னும் முடியவில்லை. உள்ளே வந்தவர்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று இடத்தில் வழி வைத்துவிட்டுத்தான் போவார்கள்.

தளத்தின் முழு நகலை வீட்டுக் கணினிக்கு இறக்குங்கள். டபிள்யூபி-சிஎல்ஐ என்ற கட்டளைக் கருவி இருக்கிறது, கட்டற்றதுதான். அதில் செக்சம் (ஃபைலின் உள்ளடக்கத்தை வைத்துக் கணக்கிடும் அடையாளக் குறி) சரிபார்க்கும் கட்டளை உங்கள் வேர்ட்பிரஸ் ஃபைல் ஒவ்வொன்றையும் அசலோடு ஒப்பிட்டு, மாறியது எது, கூடுதலாக வந்தது எது என்று சொல்லிவிடும். வேர்ட்பிரஸ் தளத்திலிருந்தே எடுத்த ப்ளகின்களையும் இப்படிச் சரிபார்க்கலாம். பென்டிரைவில் வந்ததற்கு ஒப்பிட அசலே இல்லை, அதை அடியோடு தூக்குங்கள். அப்புறம் பயனர் பட்டியலில் தெரியாத நிர்வாகி யாராவது இருக்கிறாரா, தளம் தேடலில் எப்படி வருகிறது என்று உரிமையாளருக்குக் காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் உரிமையாளராக வேறு யாராவது ஏறியிருக்கிறாரா என்று பாருங்கள். இந்த ஜப்பானிய எழுத்துத் தாக்குதலில் அவர்கள் அங்கேயும் தங்களைச் சேர்த்துக்கொள்வதுண்டு. கடைசியாக, கான்ஃபிக் ஃபைலில் இருக்கும் ரகசியச் சாவிகளை மாற்றினால் ஏற்கெனவே லாகின் செய்து உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். பாஸ்வேர்டையும் அதே கையோடு மாற்றிவிடுங்கள்.

இப்போது கருவிக்கு வருகிறேன். நாலும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

ஓப்பன்வாஸை இப்போதைக்கு விடுங்கள். நெஸ்ஸஸ் என்ற சோதனைக் கருவி 2005இல் மூடிய மென்பொருளாக மாறியபோது அதிலிருந்து கிளைத்தது. நல்ல கருவி, நான் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது சர்வர் முழுவதையும், நெட்வொர்க்கையும் பார்ப்பதற்கு. நீங்கள் இருப்பது பகிர்ந்த ஹோஸ்டிங். அதே சர்வரில் இன்னும் எத்தனையோ பேர் குடியிருக்கிறார்கள், அதைச் சோதிக்க உங்களுக்கு உரிமை இல்லை.

டபிள்யூபிஸ்கேன் வேர்ட்பிரஸ்ஸுக்கென்றே எழுதியது. எந்தப் பதிப்பு, என்னென்ன ப்ளகின், எதில் தெரிந்த ஓட்டை என்று சொல்லும். பயனர் பெயர்கள் வெளியே தெரிகின்றனவா என்றும் காட்டும். ஆனால் இங்கே கவனியுங்கள். மூல நிரல் திறந்திருந்தாலும் அதன் உரிமம் முழுக்கட்டற்றது இல்லை. வணிகப் பயன்பாட்டுக்குத் தனி உரிமம் வாங்க வேண்டும். ஓட்டைகளின் பட்டியலைக் கேட்க இலவசக் கணக்குக்கு ஒரு நாளைக்கு 25 கேள்விதான், ஒவ்வொரு ப்ளகினும் ஒரு கேள்வி. பணம் வாங்கிக்கொண்டு பிறர் தளத்தைப் பார்க்கும் உங்களுக்கு இந்த இரண்டுமே இடிக்கும்.

நிக்டோ 2001இலிருந்து இருக்கிறது, பெர்ல் மொழியில் எழுதியது. ஆழமாகப் போகாது. கவனக்குறைவால் வெளியே கிடக்கும் பொருளைத் தேடும்: பழைய பேக்கப், சோதனைப் பக்கம், சர்வர் தன் பதிப்பைச் சொல்லிக்கொண்டிருப்பது, இப்படி. பத்துக் குறை சொன்னால் ஆறு ஒன்றுமில்லாமல் போகும், ஒவ்வொன்றையும் கையால் திறந்து பார்க்க வேண்டும். ஆனாலும் முதல் நாளுக்கு அதுதான் சரி.

அதற்கு மேல் ஸாப். 2010இல் பேரோஸ் என்ற பழைய கருவியிலிருந்து கிளைத்தது. 2023இல் ஓவாஸ்ப் என்ற இணையப் பாதுகாப்பு அமைப்பை விட்டு வெளியே வந்துவிட்டது, அதனால் இணையத்தில் பழைய பெயரில் இருக்கும் வழிகாட்டிகள் பல காலாவதி. அப்பாச்சி என்ற கட்டற்ற உரிமம், பணம் வாங்கிச் செய்தாலும் தடையில்லை. அதில் பேஸ்லைன் ஸ்கேன் என்று ஒன்று இருக்கிறது. பக்கங்களைச் சுற்றிவந்து, வருகிற பதில்களைப் படித்துப் பார்க்கும், தாக்காது. ஓடும் தளத்தில் அதை மட்டும் விடுங்கள். ஆக்டிவ் ஸ்கேன் நிஜமாகவே தாக்கிப் பார்ப்பது, அதை வீட்டில் இருக்கும் நகலில் மட்டும். முடிவில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், நீலம் என்று கொடி காட்டும். நீலத்தையெல்லாம் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஒவ்வொரு தளக்காரரிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எந்தத் தளம், எந்தத் தேதி, என்ன சோதனை என்று நாலு வரி போதும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43, 66 பிரிவுகள் அனுமதியில்லாமல் நுழைவதைப் பற்றியவை. 66இல் மூன்று வருடம் வரை சிறைத் தண்டனை இருக்கிறது. தெரிந்தவர்தானே என்று வாயால் கேட்டுவிட்டு ஆரம்பிக்காதீர்கள்.

பதில் 2: மஞ்சள் வெயில் (ஈரோடு)

அக்கா ஆக்டிவ் ஸ்கேன் பற்றிச் சொன்னதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் அதை ஓடுகிற தளத்தில், அதுவும் வேலை நாள் காலையில் விட்டேன். ஜவுளிக் கடைத் தளம், என்கொயரி படிவம் வந்தால் முதலாளி போனுக்கு மெசேஜ் போகும்படி வைத்திருந்தேன். ஸாப் அந்தப் படிவத்தைக் கண்டுபிடித்து ஒவ்வொரு கட்டத்திலும் தன் தாக்குதல் சரத்தைப் போட்டுப் போட்டு அனுப்பியது. அரை மணி நேரத்தில் ஆயிரம் மெசேஜ் தாண்டிவிட்டது. அதற்கு நடுவில் வந்த மூன்று நிஜ ஆர்டர்கள் புதைந்துபோய், மறுநாள்தான் தெரிந்தது. அன்றிலிருந்து நம் கணினியிலேயே தளத்தை ஓடவைக்கும் எக்ஸாம்ப்பில் நகல் ஏற்றி, மெயில் போகும் வழியை அடைத்துவிட்டுத்தான் தொடுகிறேன்.

ஹியூகோ பற்றி: என்னிடம் ஐந்து தளங்கள் அதில் இருக்கின்றன, நிம்மதியாக இருக்கிறேன். 2013இல் வந்தது, கோ மொழியில் எழுதியது, ஒரே ஃபைலை இறக்கினால் போதும். நம் கணினியில் பக்கங்களைக் கட்டி, வெறும் எச்டிஎம்எல்லாக மேலே ஏற்றுகிறோம். அங்கே டேட்டாபேஸ் இல்லை, லாகின் பக்கம் இல்லை, பிஎச்பி இல்லை. டபிள்யூபிஸ்கேனுக்கு அங்கே வேலையே இல்லை. ஹோஸ்டிங் கணக்கின் பாஸ்வேர்டையும் தளத்தின் ஃபைல்களைப் பதிப்புவாரியாகச் சேமிக்கும் கிட் கணக்கையும் இரண்டடுக்குச் சரிபார்ப்போடு வைத்துக்கொண்டால் பெரும்பகுதி முடிந்தது. படிவம் வைக்க முடியாது என்பார்கள். நம் பக்கத்து வியாபாரத்துக்குப் படிவமே வேண்டாங்க, வாட்ஸ்அப் பொத்தான் ஒன்று போதும்.

பதில் 3: கோபிக்காரன்

ஹியூகோ நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் மண்டித் தளத்தில் தினமும் விலை மாற்ற வேண்டும். தங்கச்சிக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கு யார் மாற்றுவது? வேர்ட்பிரஸ் என்றால் கணக்குப்பிள்ளையே போனில் மாற்றிவிடுவார்.

ட்ரூபலுக்கு மாறினால் பத்திரம் என்று சிலர் சொல்வார்கள். 2014 அக்டோபரில் ட்ரூபலில் ஒரு ஓட்டை அறிவித்தார்கள். அறிவித்து ஏழு மணி நேரத்துக்குள் அப்டேட் போடாதவர்கள் தங்கள் தளம் போய்விட்டதாகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவர்களின் பாதுகாப்புக் குழுவே பிறகு சொன்னது. நம் ஊருக்கு அந்த ஏழு மணி நேரம் நடுராத்திரியில் விழுந்தது. ட்ரூபல் 7க்கு ஆதரவு 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு நின்றது; அதிலேயே கிடக்கும் தளங்களைப் புதியதற்கு மாற்றுவது ஏறத்தாழ முதலிலிருந்து கட்டுவதற்குச் சமம். தனி ஆளுக்கு அது தாங்காது. ஜூம்லா எனக்குப் பழக்கமில்லை.

இன்னொன்று, பாதுகாப்புக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். வேர்ட்பிரஸ்ஸில் தமிழ்த் தலைப்பை அப்படியே முகவரியாக விட்டால் அது பாதியில் வெட்டுப்படும். அந்தக் கட்டத்துக்கு 200 இடம்தான். ஒரு தமிழ்க் குறியீடு முகவரியில் ஒன்பது இடம் எடுக்கும். புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனிக் குறியீடு. ஆக 22க்கு மேல் நிற்காது. முகவரியை மட்டும் ரோமன் எழுத்தில் சின்னதாகக் கொடுத்துவிடுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பும்போதும் பார்க்க நன்றாக இருக்கும்.

தறிச்சத்தம் (சென்னிமலை), மூன்று வாரம் கழித்து

அக்கா, அண்ணன்மாரே, ரொம்ப நன்றிங்க. சொன்னதை வரிசையாகச் செய்தேன்.

செக்சம் சரிபார்த்ததில் இன்னும் இரண்டு ஃபைல் அகப்பட்டது. ஒன்று நிர்வாக ஃபோல்டருக்குள்ளேயே, வேர்ட்பிரஸ்ஸின் சொந்த ஃபைல் போல. அக்கா கேட்டிராவிட்டால் அது இன்றைக்கும் அங்கேதான் இருந்திருக்கும். சர்ச் கன்சோலிலும் எனக்குத் தெரியாத ஒரு முகவரி உரிமையாளராக இருந்தது. அதைப் பார்த்தபோது கை நடுங்கிவிட்டது. எங்கள் கடைக்கு நாங்கள் அறியாத ஒரு பங்காளி.

நிக்டோவை ஏழு தளத்திலும் விட்டேன். பள்ளிக்கூடத் தளத்தில், தளத்தின் பெயரிலேயே ஒரு ஜிப் ஃபைல் பொதுவெளியில் கிடந்தது. எனக்கு முன்னால் பார்த்துக்கொண்டிருந்தவர் எடுத்த பேக்கப். யார் வேண்டுமானாலும் முகவரியைத் தட்டி இறக்கிக்கொள்ளலாம். உள்ளே டேட்டாபேஸ் பாஸ்வேர்ட், சேர்க்கைக்கு விண்ணப்பித்த பிள்ளைகளின் பெயர், பெற்றோர் போன் நம்பர் எல்லாம் இருந்தது. உடனே எடுத்துவிட்டு, தாளாளரிடம் நேரில் போய்ச் சொன்னேன். மறைக்க எனக்கு மனசு வரவில்லை. அவர் கோபப்படவில்லை, பெற்றோருக்குத் தகவல் சொல்லிவிடலாம் என்றார்.

பள்ளிக்கூடத்தையும் கோயில் கமிட்டியையும் ஹியூகோவுக்கு மாற்றிவிட்டேன். கோயில் தளம் தைப்பூசத்துக்கு ஒருமுறை, பங்குனி உத்திரத்துக்கு ஒருமுறைதான் மாறும், அதற்கு ஒரு லாகின் பக்கம் வருசம் முழுக்கத் திறந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. எங்கள் கடையும் மண்டியும் வேர்ட்பிரஸ்ஸிலேயே இருக்கின்றன. அப்பா தறிமேட்டில் நின்றபடியே புதுக் கரை போட்ட போர்வையைப் படம் பிடித்து ஏற்றுகிறார், அதை அவரிடமிருந்து பிடுங்க முடியாது. 19 ப்ளகின் இருந்ததில் 6 மட்டும் வைத்துக்கொண்டேன். தானாக அப்டேட் ஆகும்படி போட்டாயிற்று. அந்த ஆறும் எங்கிருந்து வந்தது என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஸாப் பேஸ்லைனில் சிவப்பு ஒன்றும் இல்லை. ஆரஞ்சு மூன்று, அதில் ஒன்று தீமோடு (தளத்தின் தோற்ற அமைப்பு) வந்த பழைய ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரல் தொகுப்பு. தீமை மாற்றினால்தான் போகும், இந்த வாரம் அதுதான் வேலை.

மண்டி முதலாளி அனுமதித் தாளைப் படித்துவிட்டு, "தாக்கிப் பார்ப்பதுன்னு எழுதியிருக்குதே, ஒண்ணும் ஆகாதுங்களா?" என்று கேட்டார். நகலில்தான் செய்வேன் என்று விளக்கிய பிறகு கையெழுத்துப் போட்டார். வருகிற ஞாயிறு மண்டிக்கு லீவு, அன்றைக்கு ஆக்டிவ் ஸ்கேன். அக்கா, நகலில் ஸாப் லாகின் செய்து உள்பக்கங்களையும் பார்க்க வேண்டுமென்றால் நிர்வாகி கணக்கைக் கொடுப்பதா, இல்லை எடிட்டர் கணக்கு போதுமா?